அகலத் திரையா, அகலக் காலா?



மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருப்பான். அல்லது மகள் ஜொகூர் பாருவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள். சில மாதம் ஆனதும் மெல்லப் பேச்சு எழும். “அப்பா, மடிக்கணினித் திரை ரொம்பச் சிறியதாக இருக்கிறது. அகலத் திரை ஒன்று வாங்கினால் வசதியாக இருக்கும்.” சொல்லும்போதே கைத்தொலைபேசியில் படத்தையும் காட்டுவார்கள். வில்லைப் போல் வளைந்து, சாப்பாட்டு மேசையின் நீளத்துக்கு ஒரு திரை! பார்த்தால் நமக்கே ஆசை வரும்.

விலையைக் கேட்டால் ஆசை கொஞ்சம் அடங்கும். 34 அங்குல அகலத் திரையின் விலை பொதுவாக ஆயிரம் வெள்ளியை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. நல்ல ரகம் இரண்டாயிரத்தையும் தாண்டும். 49 அங்குலம் என்றால் அதற்கும் மேல். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில்தான் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஆக, ஒரு மாத உழைப்பு முழுவதும் ஒரு திரைக்குள் போகும் காரியம் இது. பிள்ளையின் படிப்புக்கு, வேலைக்கு என்று கேட்கும்போது முடியாது என்று சொல்லவும் மனம் வராது. தெரியாமல் சரி என்று சொல்லவும் முடியாது. எனவே, இந்த அகலத் திரையின் நிறை என்ன, குறை என்ன என்று சற்றே நிதானமாக எடை போட்டுப் பார்ப்போம்.

அங்குலம் சொல்லாத கணக்கு

முதலில் ஒரு செய்தியை மனத்தில் கொள்ளுங்கள். கடையில் சொல்லும் அங்குலம் திரையின் அகலமும் அல்ல, உயரமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த அளவு அது. வடிவம் மாறினால் அதே அங்குலத்துக்குள் அடங்கும் பரப்பும் மாறிவிடும்.

நம் வீட்டுத் தொலைக்காட்சியின் வடிவம் 16-க்கு 9. அதாவது, அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. அகலத் திரையின் வடிவம் ஏறக்குறைய 21-க்கு 9. மிக அகலமான ரகம் 32-க்கு 9. இனி அளவைப் பாருங்கள்.

24 அங்குலச் சாதாரணத் திரை: அகலம் 53 சென்டிமீட்டர், உயரம் 30.
27 அங்குலச் சாதாரணத் திரை: அகலம் 60, உயரம் 34.
34 அங்குல அகலத் திரை: அகலம் 80, உயரம் 33.
49 அங்குல மிக அகலத் திரை: அகலம் 120, உயரம் 34.

பார்த்தீர்களா? 27-க்கும் 34-க்கும் 49-க்கும் உயரம் ஒன்றுதான். பக்கவாட்டில்தான் நீண்டுகொண்டே போகிறது. 49 அங்குலம் என்பது இரண்டு 27 அங்குலத் திரைகளை இடைவெளியின்றி ஒட்டிவைத்தது போன்றது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 32 அங்குலச் சாதாரணத் திரையின் பரப்பு ஏறக்குறைய 2,820 சதுர சென்டிமீட்டர். 34 அங்குல அகலத் திரையின் பரப்போ 2,660தான். எண் பெரிது, பரப்பு சிறிது! “34 பெரியதா, 32 பெரியதா?” என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட அகலம் எத்தனை, உயரம் எத்தனை என்று கேட்பதே அறிவுடைமை.

இந்த அகலம் எங்கிருந்து வந்தது?

சினிமாவிலிருந்து வந்தது. 1950-களில் அமெரிக்காவில் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு நுழைந்தது. திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. மக்களை மீண்டும் அரங்குக்கு இழுக்க, வீட்டுப் பெட்டியில் கிடைக்காத அகலத்தைப் படக் கம்பெனிகள் காட்டின. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கிரெட்டியன் கண்டுபிடித்த வில்லையைக் கொண்டு, அகலமான காட்சியை ஒடுக்கிப் படச்சுருளில் பதித்து, திரையில் விரித்துக் காட்டினார்கள். அதுதான் சினிமாஸ்கோப். 1953-ல் வந்த ‘தி ரோப்’ அந்த முறையில் வெளியான முதல் படம். தமிழில் 1973-ல் சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜராஜ சோழன்’ முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. தோட்டத் திடலில் துணி கட்டிப் படம் பார்த்துப் பழகிய நம் பெரியவர்களுக்கு, நகரத்து அரங்கின் அந்த அகலம் எவ்வளவு பெரிய வியப்பாக இருந்திருக்கும்!

அந்தச் சினிமா வடிவத்தைத்தான் பிற்காலத்தில் வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். 2009-ல் பிலிப்ஸ் கம்பெனி 21-க்கு 9 வடிவத்தில் தொலைக்காட்சிப் பெட்டி செய்தது. அது நிலைக்கவில்லை. 2012-ல் எல்ஜி கம்பெனி அதே வடிவத்தில் 29 அங்குலக் கணினித் திரையைக் கொண்டுவந்தது. 2017-ல் சாம்சுங்கின் 49 அங்குலத் திரை வந்தது. தொலைக்காட்சியில் தோற்ற வடிவம் கணினியில் மட்டும் ஏன் வேரூன்றியது? காரணம் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஒரு நேரத்தில் ஒரு காட்சியைத்தான் பார்க்கிறோம். கணினியிலோ இரண்டு மூன்று பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து வேலை செய்கிறோம்.

செக்ரோல் புத்தகமும் அகலத் திரையும்

இதன் நன்மையை நம் தோட்டத்திலேயே காட்டலாம். பெரட்டில் பெயர் கூப்பிட்ட பிறகு கிராணியார் எழுதும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் பெயர். அதன் பிறகு ஒன்றாம் தேதி முதல் 31-ஆம் தேதி வரை கட்டங்கள். பிறகு மொத்த நாள், கூடுதல் நேரம், முன்பணம், சேமநிதி, சொக்சோ என்று இன்னும் பல கட்டங்கள். புத்தகத்தை விரித்தால் மேசையே நிறைந்துவிடும். ஏன் அத்தனை அகலமாகச் செய்தார்கள்? ஓர் ஆளின் மாதம் முழுவதும் ஒரே வரியில் கண்ணுக்குப் படவேண்டும் என்பதற்காகத்தான்.

அதே கணக்கு இன்று கணினியில் ஏறிவிட்டது. 14 அங்குல மடிக்கணினியின் திரை 31 சென்டிமீட்டர் அகலம். 25-ஆம் தேதிக் கட்டத்துக்கு நகர்த்தினால் இடது ஓரத்துப் பெயர் மறைந்துவிடுகிறது. யாருடைய வரியில் எண்ணை எழுதுகிறோம் என்ற ஐயம் வருகிறது. ஒரு வரி தவறினால் ஒருவருடைய கூலி மற்றவருக்குப் போய்விடும்! 80 சென்டிமீட்டர் திரையில் பெயரும் 31 நாளும் மொத்தமும் ஒருசேரத் தெரியும். கணக்கு எழுதுவோர், கட்டட வரைபடம் போடுவோர், படத்தொகுப்புச் செய்வோர், கணினி நிரல் எழுதுவோர் ஆகியோருக்கு அகலத் திரை உண்மையாகவே உதவும் கருவி. கூலாய், செடெனாக் பக்கம் எழுந்துள்ள தரவு மையங்களைப் போன்ற இடங்களில் பல அளவீடுகளை ஒரே பார்வையில் கண்காணிக்கவேண்டிய வேலைக்கும் அகலம் தேவைப்படும்.

மாணவருக்கும் பயன் இல்லாமல் இல்லை. இடப்பக்கம் பாடம், வலப்பக்கம் தாம் எழுதும் கட்டுரை, நடுவில் அகராதி. இப்படி வைத்துக்கொண்டால் பக்கம் மாற்றி மாற்றிக் கவனம் சிதறுவது குறையும். ஆனால், ஒரே பாடத்தைப் படித்துக் குறிப்பெடுக்கும் எஸ்.பி.எம். மாணவனுக்கு இவ்வளவு அகலம் வேண்டுமா? அதற்கு 24 அங்குலமே தாராளம்.

கண்ணும் கழுத்தும்

இனி மறுபக்கம். திரைக்கும் கண்ணுக்கும் குறைந்தது ஒரு கை நீள இடைவெளி வேண்டும். ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்த்தால் 80 சென்டிமீட்டர் திரையின் நடுப்பகுதி 60 சென்டிமீட்டரில் இருக்கும். ஓரமோ 72 சென்டிமீட்டருக்குப் போய்விடும். 120 சென்டிமீட்டர் திரையின் ஓரம் 85 சென்டிமீட்டர் தூரம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பார்வை போய்வரும்போதெல்லாம் கண் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைக் குறைக்கத்தான் திரையை வளைக்கிறார்கள். பெட்டியில் 1800ஆர், 1000ஆர் என்று போட்டிருப்பது அந்த வளைவுதான். 1000ஆர் என்றால் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். கணக்கு எழுத வளைவு இடைஞ்சல் செய்யாது. நேர்கோடு வரைபவருக்கு மட்டும் கோடு வளைந்தாற்போல் தோன்றக்கூடும்.

கழுத்தையும் மறக்கக்கூடாது. 120 சென்டிமீட்டர் திரையின் முன் 60 சென்டிமீட்டரில் அமர்ந்தால், ஓரத்துக்கு ஓரம் பார்ப்பதற்குச் சரியாக ஒரு செங்கோண அளவுக்குப் பார்வை திரும்பவேண்டும். கண் மட்டும் திரும்பினால் போதாது, தலையும் திரும்பும். முக்கிய வேலையை ஓரத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தால் கழுத்து வலி வராமல் என்ன செய்யும்? முக்கியமானதை நடுவில் வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். திரை எந்த அளவானாலும், 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்திலுள்ள ஏதேனும் ஒன்றை 20 விநாடி பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துபோகிறது. கண் காய்ந்து எரிவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

தமிழ் எழுத்துக்கு என்ன வேண்டும்?

தமிழ் படிக்கும் வீட்டார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. திரையிலுள்ள எழுத்தெல்லாம் சிறுசிறு படப்புள்ளிகளால் ஆனது. நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு சுழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். புள்ளிகள் நெருக்கமாக இல்லாவிட்டால் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி மங்கிவிடும்.

34 அங்குலத்தில் இரண்டு ரகம் விற்கிறது. மலிவான ரகத்தில் 2560-க்கு 1080 படப்புள்ளிகள். அங்குலத்துக்கு 82 புள்ளிதான் விழும். இது சாதாரண 24 அங்குலத் திரையின் 92 புள்ளியைவிடக் குறைவு! மற்றொரு ரகம் 3440-க்கு 1440. அங்குலத்துக்கு 110 புள்ளி. எழுத்து தெளிவாக இருக்கும். “அதே 34 அங்குலம், விலை மட்டும் பாதி” என்று விளம்பரம் வந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

எழுத்து தெளிவாக இருந்தாலும், 80 சென்டிமீட்டர் முழுவதும் ஒரே வரியாக நீண்டால் படிக்க முடியாது. வரியின் கடைசிக்குப் போய்த் திரும்பும்போது அடுத்த வரி எது என்று கண் தடுமாறும். செய்தித்தாளைப் பத்தி பத்தியாகப் பிரிப்பது இதற்காகத்தான். நீளமான ஓலைச்சுவடிகளிலும் சிலவற்றில் கயிறு கோக்கும் துளையை ஒட்டிப் பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே, அகலத் திரை வாங்கினாலும் படிக்கும் பக்கத்தைக் குறுக்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

படமும் வகுப்பும்

“குடும்பத்தோடு படம் பார்க்கலாமே” என்பார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 16-க்கு 9 வடிவத்தில் வருகின்றன. அவற்றை 34 அங்குல அகலத் திரையில் போட்டால் இரு ஓரமும் தலா 10 சென்டிமீட்டர் கறுப்பாக நிற்கும். ‘பராசக்தி’ காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் ஒடுங்கிய வடிவம் உடையவை. அவற்றுக்கு ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் போதும். மீதி முழுவதும் இருட்டு. சினிமாஸ்கோப் படம் மட்டும்தான் திரையை நிறைக்கும். அதுவும் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிவுசெய்யப்பட்டிருந்தால், நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டாற்போல் நடுவில் சிறிதாகத் தெரியும். ஐந்து பேர் கூடிப் படம் பார்க்க வீட்டுத் தொலைக்காட்சியே மேல்.

இணையவழிக் கூட்டத்திலும் வகுப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. 80 சென்டிமீட்டர் திரையை முழுவதுமாகப் பகிர்ந்தால், மறுமுனையில் கைத்தொலைபேசியை நிறுத்திப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அது 7 சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும். எழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும். முழுத் திரையையும் பகிராமல், தேவையான ஒரு பக்கத்தை மட்டும் ஒடுக்கிவைத்துப் பகிர்வதே இதற்கு மருந்து.

ஒன்று பெரிதா, இரண்டு பெரிதா?

அகலத் திரைக்கு மாற்று என்ன? மடிக்கணினியோடு ஒரு 24 அங்குலத் திரையை இணைத்தாலே 31-ம் 53-ம் சேர்ந்து 84 சென்டிமீட்டர் அகலம் கிடைத்துவிடுகிறது. 34 அங்குல அகலத் திரையைவிட இது அதிகம்! நடுவே விளிம்பு இருக்கும். இரு திரையின் உயரமும் ஒளியும் வேறுபடும். குறை உண்டுதான். ஆனால் 24 அங்குலத் திரை பொதுவாகச் சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. இரண்டு 24 அங்குலத் திரைகளை வைத்தால் 106 சென்டிமீட்டர். அப்போதும் பெரும்பாலும் ஒரு நல்ல அகலத் திரையின் விலை வராது.

நம்மைப் போன்ற குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய முக்கியமான இடம் இதுதான். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை வீடுகளில் ஒரே கைத்தொலைபேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பிடித்தார்கள்! ஒருவர் வகுப்பு முடியும்வரை மற்றவர் காத்திருந்தார்கள். அகலத் திரை எவ்வளவு நீளமானாலும் அதன் முன் அமர்ந்து வேலை செய்பவர் ஒருவரே. இரண்டு திரை இருந்தால் ஒன்றை அக்கா எடுத்துக்கொள்ளலாம். தம்பிக்கு ஒரு பழைய கணினி கிடைத்தால் மற்றொன்று அவனுக்கு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். அகலத் திரை உடைந்தாலோ, அதை மாற்ற ஆகும் செலவு ஏறக்குறைய புதிய திரையின் விலையை எட்டிவிடும்.

பணத்தை எடுப்பதற்கு முன்

ஒரு மணிலா அட்டையை 80 சென்டிமீட்டர் அகலம், 33 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, திரை வைக்கப்போகும் மேசையில் நிறுத்துங்கள். திரைக்கு முன்னும் பின்னும் தாங்கியின் கால் இடம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பிள்ளை நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டட்டும். விரல் அட்டையில் இடித்து மடங்கினால் மேசையின் ஆழம் போதாது என்று பொருள். சாப்பாட்டு மேசையில்தான் படிப்பு என்றால், தினமும் அந்தக் கனத்தைத் தூக்கி இறக்க முடியுமா என்றும் பாருங்கள். காசில்லாத சோதனை இது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். எச்டிஎம்ஐ கம்பி ஒன்றால் மடிக்கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி அமர்ந்து இரண்டு மூன்று பக்கங்களை விரித்துவைத்து வேலை செய்கிறார்களா? அல்லது ஒரே பக்கத்தைப் பெரிதாக வைத்துப் பார்க்கிறார்களா? அகலம் தேவையா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். கணக்குத்தாளில் பெயர் மறைவதுதான் தொல்லை என்றால், பெயர் வரிசையை நகராமல் நிறுத்திவைக்கும் வசதி எக்ஸலிலேயே இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம்.

விளையாட்டுக்காகக் கேட்கிறார்களா என்றும் மனம்விட்டுப் பேசுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் படிப்பு என்ற பெயரில் வாங்கி, பிறகு வீட்டில் மனக்கசப்பு வரக்கூடாது. எல்லா விளையாட்டும் அகலத் திரைக்கு ஏற்றபடி அமைந்ததில்லை என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

வாங்குவதென்று முடிவானால் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய கணினிகள் சில, 3440 புள்ளி அகலத்தைச் சரியாகத் தரமாட்டா. காட்சி மங்கும், அல்லது சுட்டி நகரும்போது இழுத்தாற்போல் இருக்கும். கடையிலேயே இணைத்து, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, சுழிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முழு வெள்ளையும் முழுக் கறுப்புமாக ஒவ்வொரு பக்கம் காட்டச் சொன்னால் செத்த புள்ளிகள் தெரிந்துவிடும். எத்தனை வாட் என்று கேளுங்கள். 50 வாட் திரை 20 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம். தவணையில் வாங்கினால் மாதத் தொகையோடு நிற்காமல் மொத்தமாக எவ்வளவு கட்டுவீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பொருள் பழுதாக வந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே நாமே கொண்டுபோகலாம். வீட்டில் வைத்த பின், இடி மழை நேரத்தில் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். நம் ஜொகூரின் மாலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

முடிவாக

நாள் முழுவதும் அகலமான கணக்கோ வரைபடமோ படத்தொகுப்போ செய்து சம்பாதிக்கும் பிள்ளைக்கு, ஆழமான மேசையும் போதுமான வருமானமும் இருந்தால், 34 அங்குலத் திரை நல்ல முதலீடு. அதை அவர்களே தங்கள் சம்பளத்தில் வாங்குவது இன்னும் நல்லது. 49 அங்குலம் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. படிக்கும் பிள்ளைக்கு ஒரு தெளிவான 24 அங்குலத் திரையும், முதுகு சாயும் நாற்காலியும், நல்ல விளக்கும் வாங்கிக் கொடுங்கள். மூன்றையும் சேர்த்தாலும் பெரும்பாலும் ஓர் அகலத் திரையின் விலைக்குள் அடங்கிவிடும்.

அகலக் கால் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பிள்ளை கேட்டவுடன் மறுத்துவிடவும் வேண்டாம், கடன்பட்டு வாங்கவும் வேண்டாம். முதலில் அந்த மணிலா அட்டையை வெட்டி மேசைமேல் நிறுத்துங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவருமாகக் கணக்குப் போடுங்கள்.